வரலாற்றில் தனிமனிதரின் இடம்: சித்திலெப்பையை முன்வைத்துச் சில குறிப்புகள்

"அவர் மட்டும் பிறந்திருக்காவிட்டால் எமது சமூகத்தின் கதி என்னவாகியிருக்கும்?" நினைவு தினக் கூட்டங்களில் இந்த வசனம் இடம்பெறாத உரையை நான் கேட்டதே இல்லை. பாடசாலைக் கட்டுரைப் போட்டிகளுக்கு மத்தியஸ்தம் செய்யப் போகும்போதும் இதே நிலைதான். அறிஞர் சித்திலெப்பை பற்றி நாற்பது பிள்ளைகள் எழுதினால், முப்பத்தைந்து பேர் "இருளில் மூழ்கிக் கிடந்த சமூகத்துக்கு ஒளியேற்ற வந்த விடிவெள்ளி" என்றே தொடங்குவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் படிப்பித்ததைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியை ஒரு தரம் உண்மையாகவே கேட்டுப் பார்த்தால் என்ன? அவர் பிறந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும்? மேடையில் இது பதிலை எதிர்பார்க்காத கேள்வி. வரலாற்றில் அப்படியல்ல. இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டு காலம் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

சண்டையைத் தொடங்கி வைத்தவர் தோமஸ் கார்லைல். 1840இல் இலண்டனில் வீரர்களைப் பற்றி அவர் ஆறு உரைகள் நிகழ்த்தினார். உலக வரலாறு என்பது மாமனிதர்களின் வரலாறே என்பது அவருடைய கட்சி. எங்கட ஆட்களுக்குக் கார்லைலைப் பிடிக்கும். இரண்டாவது உரையில் நபி (ஸல்) அவர்களைப் போலி என்று பழித்த ஐரோப்பியப் பேச்சுகளை மறுத்து, அவர்களின் வாய்மையை அவர் எடுத்துரைத்தார். மீலாத் மேடைகளில் இன்றும் அது மேற்கோளாக வருகிறது. (அதே உரையில் குர்ஆனின் நடையைப் பற்றி அவர் கூறியவை எமக்கு உவப்பானவை அல்ல. மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.) 1978இல் மைக்கல் ஹார்ட் நூறு பேரின் பட்டியலை வெளியிட்டு நபியவர்களை முதலிடத்தில் வைத்தபோது, இந்த மாமனிதர் கொள்கை எங்கள் மத்தியில் இன்னும் உறுதிப்பட்டுவிட்டது.

ஹேர்பேர்ட் ஸ்பென்ஸர் 1873இல் இதற்குப் பதில் சொன்னார். ஒருவர் சமூகத்தை மாற்றுவதற்கு முன்னால் அந்தச் சமூகம் அவரை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பெரிய மனிதர் என்பவர் காரணம் அல்ல, விளைவு.

இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஐந்நூறு வருடங்கள் முந்தி, 1377இல், இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் இதைவிட நுட்பமான ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய மையச் சொல் அஸபிய்யா. ஒரு கூட்டத்தை ஒன்றாகப் பிடித்து வைக்கும் பிணைப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்தப் பிணைப்பின் பலம் இல்லாமல் மார்க்க அழைப்புக்கூட நிலைபெறாது என்பது அவர் கருத்து. தமக்குப் பின்னால் ஒரு கூட்டம் இல்லாமல், தம் நேர்மையை மட்டும் நம்பி எழுந்த சீர்திருத்தக்காரர்கள் பலர் அழிந்துபோனதை அவர் அனுதாபமில்லாமலே எழுதுகிறார். மனிதரின் பெருமையை அவர் மறுக்கவில்லை. எதன் மேல் அவர் நின்றார் என்றுதான் கேட்கிறார். கார்லைலை மேற்கோள் காட்டும் மேடைகளில் இப்னு கல்தூனின் பெயர் வருவதுண்டு, அவருடைய கேள்வி வருவதில்லை.

அந்தக் கேள்வியோடு சித்திலெப்பையிடம் வருவோம்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தார். தகப்பனாரும் சட்டத்துறைக்காரர். மகன் 1860களில் புரொக்டரானார். அக்காலத்தில் ஆங்கிலம், தமிழ், அறபு மூன்றும் கைவந்த முஸ்லிம்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆகவே அவர் தனித்துத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். 1880இல் கேணல் ஒல்கொட் காலியில் வந்திறங்கினார். 1886இல் கொழும்பில் பௌத்த ஆங்கிலப் பாடசாலை உருவாகி, பின்னர் ஆனந்தா கல்லூரி ஆயிற்று. கடலுக்கு அப்பால் ஸேர் ஸெய்யித் அஹ்மத் கான் 1875இல் அலிகாரில் பள்ளி தொடங்கியிருந்தார். நான்கு இடம், நான்கு சமூகம், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே யோசனை: ஆங்கிலக் கல்வி வேண்டும், ஆனால் மிஷனரியின் கையால் வேண்டாம்.

இது தற்செயலா? இல்லை. ஒரே மழை பெய்த நிலங்களில் முளைத்தவை இவை. மிஷன் பாடசாலை, அச்சுக்கூடம், ஆங்கில நீதிமன்றம், அரசாங்க உத்தியோகம் என்பன எல்லாச் சமூகங்களையும் ஒரே நேரத்தில் நெருக்கின. கோப்பி வியாபாரம், 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்த புகையிரதம், 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய் எல்லாம் சேர்ந்து வியாபாரிக்கும் கடிதம், கணக்கு, ஒப்பந்தம் என்று எழுத்து வேலையைக் கூட்டின. சித்திலெப்பை பிறந்திருக்காவிட்டாலும் 1890களில் முஸ்லிம் பாடசாலை ஒன்று எப்படியோ வந்தேதான் இருக்கும் என்று ஸ்பென்ஸரின் ஆட்கள் சொல்வார்கள்.

இந்த இடத்தில் எமது பேச்சாளர்கள் செய்யும் ஓர் அநியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அக்காலத்து வாப்பாமார் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாததை "அறியாமை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் பள்ளியில் பைபிள் பாடமும் இருந்தது. மதம் மாறிய குடும்பங்களை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். கடையில் நின்று தொழில் பழகும் மகனுக்குச் சான்றிதழும் தேவைப்படவில்லை. அவர்கள் போட்ட கணக்கு அவர்கள் காலத்துக்குச் சரியான கணக்கு. காலம் அவர்கள் காலடியிலேயே மாறிக்கொண்டிருந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டவர்களில் சித்திலெப்பை ஒருவர். கண்டு பேசாமல் இருந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அவர் பேசினார். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். இதில் காலத்தின் கை எவ்வளவு, அவருடைய கை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது சுவாரஸ்யமானது. அந்த வருடம் செப்டம்பரில்தான் எகிப்தில் தெல் அல் கபீர் போரில் ஒறாபி பாஷா ஆங்கிலேயரிடம் தோற்றார். பத்திரிகை வெளிவந்து சில வாரங்களில், 1883 ஜனவரியில், அவரும் தோழர்களும் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார்கள். எகிப்துச் செய்திக்காக ஏங்கிய ஒரு வாசகர் கூட்டம் இருந்த நேரத்தில் பத்திரிகை பிறந்தது. நல்ல நேரம் என்று சொல்லலாம். ஆனால் அந்த நேரம் தமிழ் பேசும் முஸ்லிம்கள் எல்லோருக்கும்தான் வந்தது. அச்செழுத்துக் கோக்கச் சொன்னவர் ஒருவர்தான். 1885இல் அவர் எழுதிய 'அஸன்பேயுடைய சரித்திரம்' தமிழின் இரண்டாவது நாவலாக எண்ணப்படுகிறது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்து ஆறே வருடங்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். மிஷனையோ கோப்பியையோ காட்டி ஒரு நாவலை விளக்க முடியாது. இந்நாட்டு முஸ்லிம் ஒருவர் தமிழில் கதை எழுதியே ஆகவேண்டும் என்று எந்தச் சமூக விதியும் கட்டளையிடவில்லை. அது அவருடைய தனி விருப்பம், தனித் துணிவு.

ஆக, தனிமனிதருக்கு இடம் உண்டு. எவ்வளவு இடம்? இதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே ஒரு பரிசோதனை இருக்கிறது. எமது நினைவுரைகள் அதன் முதற்பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்ற பாடசாலை தொடங்கப்பட்டது. சித்திலெப்பையின் முயற்சி அது. அது நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் நலிந்து போயிற்று. 1892 ஓகஸ்ட்டில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. அதே மனிதர், அதே எண்ணம், அதே நகரம். முதலாவது விழுந்தது, இரண்டாவது நின்றது. மனிதரின் பெருமை மட்டுமே வரலாற்றைச் செய்யுமென்றால் 1884இலேயே காரியம் முடிந்திருக்க வேண்டுமே!

வேறுபாடு எங்கே? ஒன்று, காலம். 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. இலைநோயில் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. கோப்பியோடு தொடர்புபட்ட வியாபாரிகளிடம் நன்கொடை கேட்க அதைவிட மோசமான ஒரு வருடம் கிடைத்திராது என்பது என் கணிப்பு. மற்றது, நிலம். ஸாஹிரா பள்ளிவாசல் வளவுக்குள் வந்தது. பிள்ளையை அங்கே அனுப்பும் வாப்பா மதமாற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஐவேளை தொழ வருகிறவரின் கண்ணெதிரே பாடசாலை நடந்தது. இப்னு கல்தூன் பேசிய பிணைப்பு ஏற்கனவே குடியிருந்த இடம் அது.

மூன்றாவது, ஆட்கள். ஒறாபி பாஷா ஆதரவு தந்தார். வாப்பிச்சி மரைக்கார் முன்னின்று சுமந்தார். அவர் கட்டட ஒப்பந்தகாரர், கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். பரிசாக என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்கச் சொன்னார் என்று ஒரு கதை எங்களுக்குள் வழங்குகிறது. ஸாஹிராவின் செலவுக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்ததையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. வாரமொரு முறை ஆள் வந்து வாங்கிப் போவார். செல்வந்தர் ஒருவரின் காசோலை ஒரு தரம் வரும். பிடி அரிசி நாள்தோறும் சேரும். அதைவிடப் பெரிய விஷயம், அரிசி கொடுத்த வீட்டுக்கு அந்தப் பாடசாலை 'எங்கட பள்ளிக்கூடம்' ஆகிவிடும். சொந்தப் பெண்பிள்ளைகள் நுழைய முடியாத ஒரு பாடசாலைக்குத்தான் அந்த உம்மாமார் அரிசி அளந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒறாபி பாஷாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனிமனிதரின் பெருமை அவருக்குள்ளேயே இருக்கும் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு அவர் ஒரு நல்ல மருந்து. எகிப்தில் அவர் ஒரு பேரெழுச்சியின் தலைவர். 1882இல் தோற்றார், பிரித்தானியர் நாட்டைப் பிடித்தார்கள். இலங்கைக்கு வந்தபோது அவரிடம் படை இல்லை, பதவி இல்லை, இந்நாட்டு மொழியும் தெரியாது. ஆனாலும் இங்கே அவரைச் சுற்றி ஒரு கௌரவம் திரண்டது. அவர் போட்டிருந்த துருக்கித் தொப்பி எமது கனவான்களின் தலைக்கு ஏறியது. 1905இல் அந்தத் தொப்பியோடு ஒரு முஸ்லிம் சட்டத்தரணி உயர்நீதிமன்றத்தில் நிற்கலாமா என்ற பிரச்சினை எழுந்து, மருதானையில் மாபெரும் கூட்டம் கூடும் அளவுக்குப் போயிற்று. அப்போது பாஷா இங்கே இல்லை. 1901இல் அவர் தாயகம் திரும்பிவிட்டார். அங்கே அவருக்கு வரவேற்பு இருக்கவில்லை. முஸ்தபா காமில் போன்ற புதிய தலைமுறைத் தேசியவாதிகள் அந்நியர் ஆட்சி வந்ததற்கு அவரையே குற்றம் சொன்னார்கள். 1911இல் பெருமை ஏதும் இல்லாமல் மறைந்தார். ஒரே ஆள்தான்: கண்டியில் மாமனிதர், கெய்ரோவில் தோற்ற தளபதி. எங்களுக்கு அப்போது ஒரு மாமனிதர் தேவைப்பட்டார். அந்த இடத்தில் கடல் அவரைக் கொண்டுவந்து வைத்தது.

இனி, வரலாற்றுப் புத்தகங்கள் ஒரே வசனத்தில் தாண்டும் ஓர் இடைவெளி இருக்கிறது. "1892இல் தொடங்கப்பட்ட ஸாஹிரா, 1921இல் ரி.பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றதும் பெருவளர்ச்சி கண்டது." இந்த வசனத்தில் பிழை இல்லை. ஜாயா 1947 வரை அங்கே இருந்தார். கம்பளை, மாத்தளை, அளுத்கமை, புத்தளம் என்று கிளைகள் பரவியது அவர் காலத்தில்தான். ஆனால் 1892க்கும் 1921க்கும் இடையில் இருபத்தொன்பது வருடங்கள். சித்திலெப்பை 1898இலேயே காலமாகிவிட்டார். பெரிய பெயர் எதுவும் எங்கள் நினைவில் தங்காத அந்த இருபத்து மூன்று வருடங்களில் ஒவ்வொரு நாள் காலையும் கதவைத் திறந்தது யார்? டாப்புக் கூப்பிட்டது யார்? சம்பளம் பிந்திய மாதங்களிலும் வகுப்புக்கு வந்து நின்றது யார்? பாடசாலை என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். ஒரு பாடசாலையைத் தொடங்குவதற்கு ஒரு நல்ல நாள் போதும். மூடாமல் வைத்திருப்பதற்கு வருடத்தில் இருநூறு நாள் தேவை. நின்றுகொண்டிருந்த ஒரு பாடசாலையைத்தான் ஜாயா பொறுப்பெடுத்தார். 1891போல அதுவும் மூடிக் கிடந்திருந்தால், அவருடைய ஆற்றலின் பாதி மீண்டும் அத்திவாரம் வெட்டுவதிலேயே போயிருக்கும்.

இதை உணர்ந்து காரியம் செய்தவர் என்று நான் மதிப்பது ஏ.எம்.ஏ. அஸீஸை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தபோது, கெட்டித்தனம் இருந்தும் காசு இல்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகளைக் கண்டார். ஓர் உயர் அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து இரண்டொரு பேருக்கு உதவிவிட்டு வள்ளல் என்று பேர் வாங்கிப் போயிருக்கலாம். அவர் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். தான் இடம் மாறிப் போனாலும், தான் மறைந்தாலும் நடக்கக்கூடிய ஏற்பாடு அது. 1973இல் அவர் காலமான பின்பும் அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள். தன்னை வேண்டாத நிலைக்குக் காரியத்தைக் கொண்டுபோய் விடுவது பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சிலருக்கு அது பிடிப்பதும் இல்லை. தலைவர் போனதும் வெறும் பெயர்ப்பலகையாகி நிற்கும் மன்றங்கள் எங்கள் ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன.

"எங்களுக்கு இப்ப ஒரு தலைவர் இல்ல" என்று ஆசிரியர் ஓய்வறையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் கேட்கும் முறைப்பாட்டை நான் இதனோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஒருவர் வருவார், வந்து எல்லாம் சரியாக்குவார் என்று காத்திருப்பதற்கு எமது மேடைப்பேச்சு எங்களைப் பழக்கியிருக்கிறது. சித்திலெப்பைக்கு 1884இல் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டதன் பலன் அது.

பரிசோதனையின் இரண்டாவது பகுதி இன்னும் கடினமானது. ஸாஹிராவுக்கு ஒரு வருடம் முந்தி, 1891இல், சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார். மறுபடியும் அதே மனிதர். சொல்லப்போனால் அதே வேகத்தில் இருந்த காலம். ஆண்பிள்ளைகளின் பாடசாலை வேர் பிடித்துக் கல்லூரியாயிற்று. பெண்பிள்ளைகளின் பாடசாலைக்கு அந்தக் கதி வாய்க்கவில்லை. கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியது 1946இல். ஐம்பத்தைந்து வருட இடைவெளி! எண்ணம் இல்லாமல் அல்ல, எண்ணியவர் சின்ன ஆளும் அல்ல. ஆண்பிள்ளையின் படிப்புக்குப் பின்னால் நீதிமன்றமும் உத்தியோகமும் வியாபாரமும் நின்று தள்ளின. பெண்பிள்ளையின் படிப்பைத் தள்ள அப்படி எதுவும் இருக்கவில்லை. படிப்பிக்கப் போதிய முஸ்லிம் ஆசிரியைகளும் இல்லை. படித்தால்தானே ஆசிரியை வருவார்!

அந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது? 1945இல் இலவசக் கல்வி வந்தது ஒரு காரணம். அதைவிட மெதுவாக வேலை செய்த இன்னொரு காரணமும் உண்டு என்பது என் எண்ணம். ஸாஹிராவில் படித்த பிள்ளைகள் அதற்குள் வாப்பாமார் ஆகியிருந்தார்கள். மகளைப் படிப்பிக்கலாமா என்று யோசிக்கும் வாப்பா, தானே பாடசாலையைக் கண்டவராக இருந்தார். சித்திலெப்பை நேரடியாகச் செய்ய முயன்று முடியாமல்போன ஒன்றை, அவருடைய மற்றப் பாடசாலை இரண்டு தலைமுறை சுற்றிப் போய்ச் செய்தது. இப்படி நடக்கும் என்று அவர் திட்டமிட்டிருக்க முடியாது.

கொழும்பில் அவிழ்ந்தது எங்கள் ஊரில் அவிழ இன்னும் காலம் எடுத்தது. எனது உம்மா எழுபதுகளில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவ. அவவுக்கு அறபுத்தமிழ் நன்றாக வாசிக்க வரும், கணக்கில் கெட்டிக்காரி. அதே தெருவில், அதே வகுப்பில் இருந்த அவவின் கூட்டாளி தொடர்ந்து படித்து ஆசிரியையானா. பின்னாளில் எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவவும் அவதான். இரண்டு வீட்டுக்கும் வசதி ஒன்றுதான், பள்ளிவாசல் ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். ஒரு வாப்பா போதும் என்றார், மற்ற வாப்பா போகட்டும் என்றார். போகட்டும் என்றவர் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். அவரைப் பற்றி ஒரு வரிகூட எங்கேயும் எழுதப்படவில்லை.